பழைய கர்நாடக இசைப்பதிவுகளின் மறுவெளியீடுகளைச் சேர்ப்பது எப்படி? கொழும்பில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இறந்துவிட்டார். பாடகி என். சி. வசந்தகோகிலம் 1951இல். நீண்டநேரம் ஓடும் எல்பி இசைத்தட்டுகள் நம் பக்கத்தில் பரவுமுன்பே போய்விட்டவர்கள். இவர்களுடைய குரலை இன்றைக்கு நாம் கேட்கிறோம் என்றால், யாரோ ஒருவர் பழைய 78 சுற்று (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) இசைத்தட்டைத் தேடிப்பிடித்துத் துடைத்து, பொருத்தமான ஊசி வைத்து ஓடவிட்டு, அந்த ஒலியை எல்பியிலோ கசெட்டிலோ சீடியிலோ கணினிக் கோப்பாகவோ மறுபடி வெளியிட்டிருக்கிறார் என்று அர்த்தம். அதுதான் மறுவெளியீடு. அசல் தட்டுகளைச் சேர்ப்பது வேறு விளையாட்டு. அதற்குப் பணமும் இடமும் வேண்டும், தட்டு கை தவறினால் உடைந்தும் போகும். மறுவெளியீடுகளைச் சேர்க்க அலுமாரியில் ஒரு அடுக்கும் கொஞ்சம் பொறுமையும் காணும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாடகரின் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், ஒலியின் மூலத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரே பாட்டு, ஒரே பாடகர், நாலு வெளியீடு இருக்கும். ஒன்று நல்ல தட்டிலிருந்து கவனமாக எடுத்ததாக இருக்கும். இன்னொன்று தேய்ந்த கசெட்டிலிருந்து எடுத்ததாக இருக்கும். அட்டையில் இரண்டுக்கும் ஒரே படம்தான்.

எந்தப் ‘பழைய பதிவு’?

இந்த ஒரு பெயரில் மூன்று வெவ்வேறு சாமான்கள் விற்பனைக்கு வருகின்றன.

முதலாவது, 78 சுற்றுத் தட்டுக்காகவே பாடிய பதிவுகள். கிராமபோன் கம்பனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து பதிவுசெய்ததில் இந்தியாவின் தட்டுக் கதை தொடங்குகிறது. ஆரம்பத்தில் ஒலிவாங்கி கிடையாது. பெரிய கூம்புக் குழாயின் வாய்க்குள் பாடவேண்டும், அந்த அதிர்வே மெழுகில் கோடு கிழிக்கும். தட்டு அச்சாகி வந்தது ஜேர்மனியின் ஹனோவரிலிருந்து. அங்கே இருப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரியவேண்டுமே, அதனால்தான் பாடகி கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’ என்று அறிவிக்கிறார். 1925க்குப் பிறகு ஒலிவாங்கி வழியாகப் பதியும் மின்முறை வந்தது. கூம்புக் காலப் பதிவில் மிருதங்கத்தின் தொப்பியை (கனத்த ஓசை தரும் இடப்பக்கம்) தேடவேண்டும், மின்முறைப் பதிவில் அது காதில் விழும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இடம் உண்டு. ஆலாபனை ஒரு பக்கம், கீர்த்தனை மறுபக்கம் என்று வித்துவான்கள் அதற்குள் அடக்கினார்கள்.

இரண்டாவது, வானொலிக்காகப் பதிந்தவை. அகில இந்திய வானொலி தன் சேமிப்பிலிருந்து ‘ஆகாசவாணி சங்கீத்’ என்ற வரிசையில் சீடிகள் வெளியிட்டது. ஸ்டூடியோவில் பதிந்து நாடாவில் வைத்திருந்தவை என்பதால் பொதுவாகத் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது, கச்சேரி நாடாக்கள். 1950, 60களில் ரசிகர்களும் சபாக்காரர்களும் பெரிய ஸ்பூல் நாடாக்களில் பதிந்தவை. மதுரை மணி ஐயர் சுரம் பாடுகிற அழகு முழுமையாகத் தெரிவது இவற்றில்தான். மூன்று நிமிடத் தட்டுக்குள் அவர் எப்படி அடங்குவார்? சென்னையின் சார்சூர் போன்ற நிறுவனங்கள் இந்த வகைக் கச்சேரிகளைச் சீடியாகக் கொண்டுவந்தன.

1960, 70களின் ஸ்டூடியோ எல்பிகளையும் சிலர் ‘பழைய பதிவு’க்குள் சேர்ப்பார்கள். அவற்றை இங்கே விட்டுவிடலாம். மூல நாடா கம்பனியிடமே இருப்பதால் எந்தப் பதிப்பை வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இராது.

வாங்குமுன் கேளுங்கள்

78 காலத்து ஒலிக்குக் காது பழக நாள் எடுக்கும். முதல்நாள் இரைச்சல்தான் கேட்கும், பாட்டுக் கேட்காது. ஆகவே பணம் செலவழிக்குமுன் ஒரு மாதமாவது இலவசமாகக் கிடைப்பதைக் கேளுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் தனியார் பலர் ஏற்றிய தட்டுப் பதிவுகள் கிடைக்கும். யூரியூபிலும் குவிந்து கிடக்கிறது, ஆனால் அங்கே தலைப்பை நம்பவேண்டாம்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், என் தெரிவு இது. முசிரி சுப்பிரமணிய ஐயரின் ‘நகுமோமு’. அந்தக் கீர்த்தனை ஊரெங்கும் பரவியதற்கே அந்தத் தட்டு ஒரு காரணம். அடுத்தது ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் ‘வாசுதேவயனி’. கல்யாணி ராகம் எவ்வளவு வேகத்தில் எவ்வளவு துல்லியமாக ஓடுகிறது என்று பாருங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகத்தைச் சொல்லாமல் விட முடியாது. நாதஸ்வரத்தின் ஓசை பெரிது, இரைச்சலை மீறி நிற்கும், ஆகவே புதிய காதுக்கும் சுகம். கோயில் திருவிழாவில் விடிய விடிய மேளம் கேட்டு வளர்ந்த நம்மவருக்கு அதற்கு அறிமுகமே தேவையில்லை.

வீணை தனம்மாளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1930களின் தொடக்கத்தில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் பதிந்த சில தட்டுகள்தான் நமக்கு எஞ்சியவை. நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் பாடகிகள் பிருந்தாவும் முக்தாவும் இந்த அம்மாவின் பேத்திகள். மீட்டு மெதுவானது, இடையிடையே அவரே பாடவும் செய்வார். இரைச்சலுக்குப் பின்னால் கேட்கப் பழகாத காது அதைக் கடந்துபோய்விடும். பழகிய பிறகு வேறு வீணையைக் கேட்கக் கொஞ்சநாள் பிடிக்காமல் போகலாம், அதற்கு நான் பொறுப்பல்ல.

அட்டையை வாசிப்பது

ஒரு சீடியோ எல்பியோ கையில் வந்ததும் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எனக்கு அங்கே வேண்டியவை: பதிந்த ஆண்டு, பக்கவாத்தியக்காரர் பெயர்கள், அசல் தட்டின் இலக்கம், ஒலியை மாற்றி எடுத்தவரின் பெயர். நாலும் இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம். இரண்டு இருந்தால் விலையைப் பார்த்து முடிவெடுங்கள். ‘அமர கீதங்கள்’, ‘தேன் துளிகள்’ என்கிற மாதிரித் தலைப்பும் எட்டுப் பாட்டின் பட்டியலும் மட்டும் இருந்தால், தொகுத்தவருக்கே மூலம் எது என்று தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிராமபோன் கம்பனியின் எச்எம்வி எல்பிகளில் இலக்கத்தின் முன்னெழுத்து ஒரு சேதி சொல்லும். ஈசிஎல்பி என்றால் மோனோ, ஈசிஎஸ்டி என்றால் ஸ்டீரியோ. 78 காலப் பாட்டு ஒன்று ஸ்டீரியோ என்று விற்பனைக்கு வந்தால் அது செயற்கை. ஒரு காதுக்குக் கனமான ஒலியையும் மறு காதுக்கு மெல்லிய ஒலியையும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஹெட்போனில் கேட்டால் குரல் நடுவில் நிற்காமல் அலையும். மோனோப் பதிப்பு கிடைக்குமானால் அதையே எடுங்கள்.

சீடியைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளியாகப் பளபளத்தால் ஆலையில் அச்சடித்தது. பச்சை, நீலம், ஊதா ஏதாவது அடித்தால் கணினியில் எழுதிய தட்டு. சிறிய நிறுவனங்கள் பல அப்படித்தான் விற்றன, ஒலியில் குறை இல்லை. ஆனால் வெயிலும் வெக்கையும் பட்டால் அந்தச் சாயம் கெடும். வாங்கிய அன்றே கணினியில் ஏற்றிவிடுங்கள்.

காதால் சோதிப்பது

இதில்தான் நேரம் போகும், இதில்தான் சுவையும்.

முதல் சோதனை வேகம். ‘78’ என்பது பெயரளவில்தான். பழைய தட்டுகள் பல அதற்குக் கீழேயும் மேலேயும் பதியப்பட்டவை. நாலரைச் சுற்று அளவு பிசகினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை மாறிவிடும். கைத்தொலைபேசியில் ஒரு தம்புராச் செயலியைத் திறந்து பாட்டின் சட்ஜத்தோடு (ஆதார ‘ச’ சுரத்தோடு) சேர்த்துப் பாருங்கள். ஒரே வித்துவான் ஒரே காலத்தில் பாடிய மூன்று பாட்டு, தொகுப்பில் மூன்று வேறு சுருதியில் இருந்தால் மாற்றி எடுத்தவர் வேகத்தைக் கவனிக்கவில்லை. வேகம் கூடினால் கமகம் (சுரத்தின் அசைவு) நெருக்கி நடுங்கும், ஆண்குரல் சிறுவன் குரலாகும். ஆனால் கிட்டப்பா விஷயத்தில் அவசரப்படாதீர்கள். நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடியவர், அவருடைய சுருதியே உச்சாணியில்தான் இருக்கும். பின்னால் ஆர்மோனியம் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியக் கட்டைகள் அசையாதவை, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் அது நிற்கிறது என்றால் வேகத்தைச் சந்தேகப்படலாம்.

இரண்டாவது, இரைச்சல் நீக்கம். புதிதாக வருகிறவர்கள் இரைச்சலே இல்லாததை நல்லது என்று நினைப்பார்கள். எனக்கு எதிர்மாறான அபிப்பிராயம். இரைச்சலும் இசையும் ஒரே இடத்தில்தான் குடியிருக்கின்றன, மென்பொருளைக் கூட்டி வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ‘ச’, ‘ஸ’ ஓசைகள் கூர்மையாக இருக்கின்றனவா? மிருதங்கத்தின் சாப்பு என்கிற கணீர் அடி சாப்பாகக் கேட்கிறதா? வீணையில் ஒரு மீட்டுத் தேய்ந்து மறையும்போது வால் முழுசாக வருகிறதா, பாதியில் வெட்டுப்படுகிறதா? தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். சில வெளியீடுகளில் பழைய குரலுக்குப் பின்னால் புதிதாக எதிரொலியும் தம்புராவும் சேர்த்திருப்பார்கள். அது ஒப்பனை, பதிவு அல்ல.

மூன்றாவது, ஒட்டு. தட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் இடத்தில் தாளம் தடுமாறக்கூடாது. இரைச்சலின் நிறம் சட்டென்று மாறுகிற இடம்தான் ஒட்டு. சிலர் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகவே விடுவார்கள். எனக்கு அது பிடிக்கும், அந்தக் காலத்து ரசிகர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிய இடைவெளி அதில் இருக்கிறது.

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கும் இதே சோதனைகள்தான். பாப்லோ கசால்ஸ் 1936 முதல் 1939 வரை பதிந்த பாக்கின் செல்லோத் தொகுதி பல நிறுவனங்களின் சீடியில் வந்திருக்கிறது. இரண்டு பதிப்பை அடுத்தடுத்துக் கேட்டால் மாற்றி எடுப்பவரின் கை எவ்வளவு முக்கியம் என்பது அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். அங்கே வார்ட் மார்ஸ்டன், மார்க் ஓபர்ட் தோர்ன் என்று ஒலி மாற்றுபவரின் பெயரைப் பார்த்தே வாங்குகிறார்கள். நம் பக்கம் அந்தப் பெயரை அட்டையில் போடும் வழக்கமே இன்னும் அரிது.

கொழும்பில் எங்கே தேடுவது

வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருப் பக்கத்திலும் சீடி வைத்திருக்கும் கடைகளில் போய்ப் ‘பழைய கர்நாடக சங்கீதம் இருக்கா?’ என்று கேட்டால், ‘சுப்ரபாதம் தரட்டா ஐயா?’ என்பார்கள். அவர்கள்மேல் பிழை இல்லை, ஓடுகிற சரக்கு அதுதான். ஆகவே பொதுவாகக் கேட்காமல், பெயர்களைக் கடதாசியில் எழுதிக் கொண்டுபோங்கள். அடித்தட்டில் தூசி பிடித்துக் கிடக்கும் பெட்டிகளைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விற்காமல் கிடக்கும் பழைய கசெட்டுகள் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடை வைத்திருப்பவர்களிடம் சொல்லிவைப்பதும் நல்லது. வீட்டுச் சாமானை மொத்தமாக வாங்குகிறவர்களுக்குப் புத்தகத்தோடு தட்டும் வந்துசேரலாம். இக்மன் என்ற இணையத் தளத்தின் விளம்பரங்களில் ‘தமிழ்’ என்று மட்டும் தேடாமல், ‘எல்பி’, ‘ரெக்கோர்ட்’ என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். விற்கிறவருக்கு அது என்ன மொழிப் பாட்டென்று தெரியாமலே பத்துத் தட்டை ஒன்றாகக் கட்டிப் போட்டிருப்பார்.

ஆனால் நல்ல சாமான் கிடப்பது வீடுகளில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைத் தொடர்மாடிகளில் பிள்ளைகள் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய், பெற்றோரும் போகப்போகிற நேரத்தில் பெட்டி பெட்டியாகக் கசெட் வெளியே வரும். ‘அன்ரி, எறியமுன் எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ’ என்று நாலு வீட்டில் சொல்லிவைத்தால் போதும். கடை கசெட்டுகளோடு, வானொலியிலிருந்து வீட்டிலேயே பதிந்தவையும் இருக்கும். உள்ளே செருகிய கடதாசியில் ராகம், தாளம், ஒலிபரப்பான தேதி எல்லாம் நீல மையில் முத்து முத்தாக எழுதியிருப்பார்கள். அந்தக் கடதாசியை எறிந்துவிடாதீர்கள். பல மறுவெளியீடுகளின் அட்டையைவிட அதில் விபரம் அதிகம்.

கிடைத்த கசெட்டை உடனே போட்டு ஓடவிடக்கூடாது. நாடா தெரிகிற பக்கத்தைப் பாருங்கள். நடுவில், நாடாவுக்குப் பின்னால், ஒரு செப்புத் தகட்டில் சின்னக் கம்பளித்துண்டு ஒட்டியிருக்கும். பழையதில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். விழுந்திருந்தால் ஒலி மங்கும், ஏறி இறங்கும். இன்னொரு பழுதான கசெட்டிலிருந்து அந்தத் தகட்டை எடுத்துச் செருகலாம். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சணம், அதை நல்ல பிளேயரில் போட்டால் அடுத்த கசெட்டுக்கும் தொற்றும்.

சென்னையும் தபாலும்

மார்கழியில் சென்னைக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலடியில் கிரி டிரேடிங் கடையில் ஒருமுறை பாருங்கள், சபா வாசல்களில் போடும் தற்காலிகக் கடைகளையும் விடவேண்டாம். மியூசிக் அகாதமியில் டேக் டிஜிட்டல் ஒலிக்காப்பகம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து கேட்கலாம், பிரதி எடுக்க முடியாது. எந்தக் கச்சேரியைத் தேடி வாங்கவேண்டும் என்று முடிவெடுக்க அந்த ஒரு நாள் நன்றாக உதவும்.

வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பதென்றால், வாங்குமுன் இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்கொக்ஸ் தளத்தில் அந்த வெளியீட்டின் வேறு பதிப்புகளை ஒப்பிடுங்கள். பார்சல் சுங்கத்தில் நின்றால் வரி கட்டவேண்டி வரும். தனித்தனியாக நாலு வாங்குவதா, சேர்த்து ஒன்றாக எடுப்பதா என்று தபாற்செலவோடு கணக்குப் பாருங்கள். தெரிந்தவர் யாராவது வரும்போது பையில் கொண்டுவரச் சொல்வதுதான் நம்மூர் வழக்கம். சீடிக்கு அது சரி, எல்பிக்குப் பயம்.

கருவிகளும் காலநிலையும்

கருவிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. யூஎஸ்பியில் செருகும் சீடி டிரைவ் ஒன்று, நடுத்தர ஹெட்போன் ஒன்று. தட்டு ஓடும் இயந்திரம் பிறகு பார்க்கலாம். 78 தட்டின் கோடு அகலமானது, எல்பி ஊசி அதற்குப் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சீடியை ஏற்றும்போது எம்பி3 ஆக்காமல், ஒலித் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக எடுங்கள்.

காலநிலைதான் நம் எதிரி. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று, மழைக்காலத்தில் எல்லோருக்கும் ஈரம். எல்பியைச் சுற்றி இறுக்கமாகப் பிளாஸ்திக் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். நிறுத்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவேண்டாம். வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையைத் தட்டோடு போடாதீர்கள், உறையில் ஏறிய மணம் போகவே போகாது.

உரிமையும் பகிர்வும்

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு வெளியிட்ட ஆண்டிலிருந்து 50 ஆண்டு. இந்தியாவில் 60 ஆண்டு. பாட்டை இயற்றியவரின் உரிமை வேறு கணக்கு, நம் சட்டத்தில் அவர் இறந்து 70 ஆண்டு வரை. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அங்கே பிரச்சினை இல்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர், அவருடைய பாட்டுக்கு உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டில் கேட்பதற்கு இதெல்லாம் தலைவலி இல்லை. இணையத்தில் ஏற்றுமுன் பாருங்கள். விற்பனையில் இருக்கும் சீடியை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. அந்தச் சின்ன நிறுவனம் அடுத்த நாடாவை வெளியிடுமா என்பது இதைப் பொறுத்தது. விற்பனைக்கு வராத கச்சேரிப் பதிவுகளைப் பகிர்வதற்கென்றே சங்கீதப்பிரியா என்ற தளம் இருக்கிறது.

கடைசி வேலை, பட்டியல். பாடகர், பாட்டு, ராகம், பக்கவாத்தியம் என்பதோடு ‘எதிலிருந்து’ என்று ஒரு நிரலையும் வையுங்கள்: 78, வானொலி, கச்சேரி, வீட்டுக் கசெட். ஒரே பாடகரின் ஒரே கீர்த்தனை மூன்று பதிவாகச் சேர்ந்த பிறகு, இந்த நிரல் இல்லாவிட்டால் எது எதென்று உங்களுக்கே தெரியாமல் போகும். கோப்புகளை இரண்டு வன்தட்டில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வருடம் ஒருமுறை அவற்றை இணைத்து நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். சித்திரை வருடப்பிறப்புக்குக் கொழும்பு வெறிச்சோடிக் கிடக்கும் நாட்கள் அதற்கு வசதி.